தூரதேசத்துப் போர்: செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது?

#1 — பழைய பேரேடு

இரண்டு நாளாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே போட்டுவிட்டால் நாலு பேர் கருத்துச் சொல்வீர்கள் என்று தோன்றியது. தொழில் தணிக்கை. அதனால் போர் என்றாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது லெட்ஜர்தான், மன்னிக்கவும்.

ஈராக்கில் அமெரிக்கப் படை இறங்கியது 2003 மார்ச். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2002 செப்டம்பரில், அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே ஒரு பேட்டியில், போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகைக்கு அது ரசிக்கவில்லை. பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் அது ரொம்ப ரொம்ப அதிகம் என்றார். அவர் பக்கத்திலிருந்து பிறகு வந்த எண் 5,000–6,000 கோடி. டிசம்பரில் லிண்ட்சே பதவியை விட்டுப் போனார்.

இப்போது மறுமுனை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுக் குழு 2021-ல் ஒரு கூட்டல் போட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நடந்த போர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 8 லட்சம் கோடி டாலர். இதில் ஆப்கானிஸ்தான், சிரியா எல்லாம் அடக்கம். எனவே லிண்ட்சேயின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. எனக்கு உறைத்தது அதன் உட்பிரிவுகள். வெளிநாட்டுப் படை நடவடிக்கை என்ற தலைப்பில் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தது சுமார் 2.1 லட்சம் கோடி. முன்னாள் வீரர்களை 2050 வரை பார்த்துக்கொள்ள இனிமேல் ஆகப்போவது 2.2 லட்சம் கோடி. அதாவது, சண்டை போட ஆனதைவிட, சண்டை போட்டவர்களுக்கு இனி ஆவது கூடுதல். இது போக, வாங்கிய கடனுக்கு வட்டி 1 லட்சம் கோடிக்கு மேல். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு இன்னொரு 1.1 லட்சம் கோடி.

போரின் செலவைப் போர்க் கணக்கில் தேடினால் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி எல்லாம் ஆஸ்பத்திரி, வட்டி, பென்ஷன் என்று வேறு வேறு பேரில், வேறு வேறு வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, ஆப்கானிஸ்தானுக்குள் போய் ஏழெட்டு வருஷம் ஆன பிறகும் பணம் பெரும்பாலும் வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே ‘அவசர’ துணை மானியமாகத்தான் கேட்டு வாங்கப்பட்டது. ஏழு வருஷமாகத் தெரிந்த செலவு எப்படி அவசரச் செலவு ஆகும்? ஒரு கம்பெனி இப்படிப் புத்தகம் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்கள் பார்வை என்ன?

#2 — நேர்கோடு

எண்களில் எனக்குத் தகராறு இல்லை. அவற்றை வைத்துப் பயமுறுத்துவதில்தான்.

8 லட்சம் கோடி என்றால் தலை சுற்றும். ஆனால் எதோடு ஒப்பிடுகிறீர்கள்? இரண்டாம் உலகப் போரின் உச்சத்தில் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை ராணுவத்தில் கொட்டியது. வியட்நாம் உச்சத்தில் ஒன்பது சதவீதம் போல. ஈராக், ஆப்கான் காலத்தில் ஐந்தை ஒட்டித்தான். பாரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்றுதான் ஒரு கணக்கர் சொல்ல வேண்டும்.

வரவுப் பத்தியையும் எழுதுங்கள் ஐயா. பென்சிலின் டன் கணக்கில் தயாரானது போர் நெருக்கடியால். ராடார், ஜெட் இன்ஜின். நாம் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இந்த இணையத்துக்கே முன்னோடி 1969-ல் ராணுவ ஆய்வு நிதியில் ஓடிய ஒரு வலைப்பின்னல்தான். பற்று மட்டும் எழுதி வரவை விட்டால் அதுவும் பொய்க் கணக்குதானே?

#3 — கேள்விக்குறி

எனக்கு ஒரு டவுட். பென்ஷனை எல்லாம் எப்படி சார் போர்ச் செலவுல சேக்குறீங்க? போர் இல்லாட்டியும் ராணுவம் இருக்கும், பென்ஷன் குடுத்துத்தான் ஆகணும். இது கணக்கை ஊதிப் பெருசாக்குற மாதிரி இல்ல?

#4 — பழைய பேரேடு

கேள்விக்குறி, நல்ல கேள்வி தம்பி. சாதாரண ஓய்வூதியத்தை அவர்கள் சேர்க்கவில்லை. போருக்குப் போய் வந்ததால் வரும் மருத்துவச் செலவும் ஊனத் தொகையும்தான் அந்த வரி.

அந்த வரி எப்படி நீளும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. அந்தப் போரின் வீரர்களுக்கு அமெரிக்கா கொடுத்த தொகை உச்சத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? 1969-ல். ஐம்பது வருஷம் கழித்து. சண்டையில் காயம் பட்டவர் இருபது வயதில் ஆஸ்பத்திரிக்கு வருவதைவிட எழுபது வயதில் வருவதுதான் அதிகம். இள வயதில் தாங்கிய முதுகு, முதுமையில் தாங்காது.

இதைவிட நீண்ட வால் ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அதன் கடைசிப் பென்ஷன் நின்றது 2020 மே மாதம். 1846-ல் பிறந்த ஒரு போர்வீரருக்கு அவருடைய 83-ஆம் வயதில் பிறந்த மகள், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் இறந்தபோதுதான் லிங்கன் காலத்துக் கணக்கை மூட முடிந்தது. உள்நாட்டுப் போர்தான், இந்த இழைக்கு நேரடிப் பொருத்தம் இல்லை. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் 155 வருஷம் திறந்தே கிடந்தது என்பதை என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நேர்கோடு, உங்களுக்குப் பிறகு வருகிறேன். அந்த ஐந்து சதவீதத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

#5 — சுண்ணாம்புக்கட்டி

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன், குறுக்கே புகுகிறேன்.

பிரிட்டனைப் பாருங்கள். இரண்டு உலகப் போரிலும் வென்ற நாடு. முதல் போருக்காக 1917-ல் ஐந்து சதவீத வட்டியில் மக்களிடம் கடன் திரட்டியது. 1932-ல் அந்த வட்டி மூன்றரை ஆகக் குறைக்கப்பட்டது. அசல்? 2015 மார்ச் 9 அன்றுதான் மிச்சமிருந்த சுமார் 190 கோடி பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பத்திரத்தை வைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் நின்ற அத்தனை பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் சுட்ட குண்டுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் போர் முடிந்த கையோடு 1946-ல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் வாங்கினார்கள், இரண்டு சதவீத வட்டி. கடைசித் தவணை 2006 டிசம்பர்.

பிள்ளைகளிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: போர் நடந்த ஆறு வருஷமும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது, எப்போது வந்தது? யாருக்கும் சொல்லத் தெரியாது. 1946-ல் வந்தது. வென்ற பிறகு! இரண்டு வருஷம் நீடித்தது. இறைச்சி ரேஷன் 1954 ஜூலையில்தான் முடிந்தது. தோற்ற ஜெர்மனியின் மேற்குப் பகுதி அதற்கு முன்பே ரேஷனை விட்டு வெளியே வந்துவிட்டது. வெற்றி விழாவில் மாலை போட்டவர்கள் ஒன்பது வருஷம் கூப்பன் அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

நேர்கோடு சொல்லும் பென்சிலினை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது 1928-ல், சமாதான காலத்தில். பணம் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தது. போர் வந்ததும் பணம் வந்தது. இதிலிருந்து போரைப் புகழ வேண்டுமா, சமாதான காலத்துப் பட்ஜெட்டைத் திட்ட வேண்டுமா?

#6 — நேர்கோடு

வாத்தியாரே, அந்தக் கேள்விக்கு எழுந்து நிற்கிறேன், மார்க் குறைக்காதீர்கள். :)

கடனைப் பல தலைமுறைக்குப் பரப்புவதில் தப்பென்ன? ஒரு போரில் நாடு தப்பிப் பிழைக்கிறது என்றால் பலனை அனுபவிப்பது பேரன்மார்களும்தான். அவர்களும் ஒரு பங்கு கட்டட்டும். ஒரே வருஷத்தில் வரியாகப் பிடுங்கியிருந்தால் பிரிட்டன் 1917-லேயே படுத்திருக்கும்.

#7 — பழைய பேரேடு

பரப்பலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரப்பும்போது சொல்ல வேண்டும். என் புகார் அங்கேதான்.

கொரியப் போருக்கு ட்ரூமன் பெரும்பாலும் வரி போட்டே பணம் திரட்டினார். வியட்நாமில் ஜான்சன் தயங்கினார். வரி கேட்டால் நாடாளுமன்றம் தன் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கழுத்தில் கை வைக்கும் என்று அவருக்குத் தெரியும். துப்பாக்கியும் வேண்டும், வெண்ணெயும் வேண்டும் என்று மூன்று வருஷம் ஓட்டினார். 1968 ஜூனில்தான் பத்து சதவீதக் கூடுதல் வரி வந்தது. அதற்குள் விலைவாசி கிளம்பிவிட்டது. 1965-ல் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்த பணவீக்கம் 1970-ல் ஆறை எட்டிப் பிடித்தது. 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சையே நிக்சன் அவிழ்க்க வேண்டி வந்தது. எல்லாப் பழியையும் வியட்நாம் மேல் போடமாட்டேன், ஆனால் பெரிய பங்கு அதற்கு உண்டு. பால் வாங்கப் போன ஒரு அம்மாள் கொடுத்த கூடுதல் காசு, ரசீது இல்லாத போர் வரி.

மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் இதைத்தான் பேசினார். ஏழைகளுக்கென்று தொடங்கிய திட்டத்தின் ஆளையும் பணத்தையும் அந்தப் போர் ராட்சசக் குழாய் மாதிரி உறிஞ்சுகிறது என்றார். பிறகு நண்பர்களே அவரைத் திட்டினார்கள்.

2003 இதற்கும் ஒரு படி மேல். மார்ச்சில் போர், மே 28-ல் புஷ் கையெழுத்துப் போட்டது வரி குறைப்பில்! போர் நடக்கும்போது வரியைக் குறைத்த கூத்து. ஒரு ரூபாய் கூடக் கட்டாதவனுக்குப் போர் எதற்கு வலிக்கப்போகிறது?

நேர்கோடு, நீங்கள் சொன்ன ஐந்து சதவீதத்தில் ஒளிந்திருப்பது இதுதான். நாடு முழுக்கப் பரப்பினால் ஐந்து. ஆனால் 1973-ல் கட்டாய ராணுவச் சேவை போன பிறகு, சீருடையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே ஆட்களை இரண்டாம் முறை, மூன்றாம் முறை, நான்காம் முறை அனுப்பினார்கள். பணம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. மற்றது சில வீடுகளில் மட்டும் முழுசாக விழுந்தது. அதே பிரவுன் குழு 2021-ல் சொன்னது: அந்தப் போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057. தற்கொலை செய்துகொண்ட படையினரும் முன்னாள் வீரர்களும் 30,177.

இந்த இரண்டாவது எண்ணை எந்தத் தலைப்பில் எழுதுவது? எனக்குத் தெரிந்த எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

#8 — மழைக்காகிதம்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. கடைசி வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் அப்பா இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தவர். 1987 ஜூலையில் ஒப்பந்தம், 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியது. இந்தியத் தரப்பில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள் என்று படிக்கிறோம். அப்பா அந்த எண்ணில் இல்லை. அவர் முழுசாகத் திரும்பி வந்தவர், பார்வைக்கு. அங்கே அந்தப் படையால் தமிழ் மக்கள் பட்டது தனி, பெரிய கணக்கு. அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. நான் எழுதுவது எங்கள் வீட்டுக்குள் நடந்தது மட்டும்.

அப்பா புதிதாகக் கிளறிய மண்ணை மிதிக்கமாட்டார். எங்கள் வாசலில் ஒருமுறை தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடினார்கள். அந்த மண் இறுகும்வரை, மூன்று மாதம், அப்பா பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குள் வந்தார். நாற்பது வயது மனுஷர், கையில் டிபன் கேரியரோடு. தெருப் பையன்கள் சிரிப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

தூங்குகிறவரை அம்மா தொட்டு எழுப்பமாட்டாள். கால்மாட்டில் எட்டி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கணவன் பேரைச் சொல்லாத தலைமுறை அவள். ‘ஏங்க’ என்றால் யார் குரல் என்று அவருக்குப் பிடிபடாது, பேர் சொன்னால்தான் தன் வீட்டில் இருக்கிறோம் என்று தெரியும் என்பாள். எனக்கு ஐந்து வயதிலேயே அந்தத் தூரம் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று இடத்தில் காவலாளி வேலை. ஒன்றிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. அம்மா தையல் மிஷின் வாங்கியது அப்போதுதான். பகலில் தையல், ராத்திரியில் அவருக்குக் காவல். இருபது வருஷம் ஒரு நர்ஸ் செய்யும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தாள். பழைய பேரேடு ஐயா, உங்கள் 8 லட்சம் கோடியில் அம்மா மாதிரி ஆட்களின் கூலி இருக்கிறதா?

ஊன ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டோம். மருத்துவக் குழு காது கேளாமைக்கு மட்டும் ஏதோ சதவீதம் போட்டது. மற்றதற்கு எழுதிய நாலு எழுத்து: என்.ஏ.என்.ஏ. ராணுவக் குடும்பங்களுக்குத் தெரியும். படைப்பணியால் வந்ததும் இல்லை, படைப்பணியால் கூடியதும் இல்லை என்று அர்த்தம். அப்படியென்றால் எங்கிருந்து வந்ததாம்? எங்கள் வீட்டில் அது ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. தம்பி பரீட்சையில் மார்க் குறைந்தால் “என்.ஏ.என்.ஏ.ப்பா” என்பான். அப்பாவே சிரித்துவிடுவார்.

#9 — கேள்விக்குறி

அக்கா… நான் #3-ல கேட்டது தப்பான கேள்வி. விடுங்க.

#10 — பழைய பேரேடு

மழைக்காகிதம் அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. அரசு கொடுத்ததும் கொடுக்கப்போவதும்தான் அதில். வீட்டில் இருப்பவர்களின் உழைப்பைச் சேர்க்கவில்லை. அந்தக் குழுவும் அதைச் சேர்த்ததாகச் சொல்லவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இருந்ததற்கு மருத்துவத்தில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்று ஒரு பெயர் வந்ததே 1980-ல்தான், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில். வியட்நாம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து. அதற்கு முன்பு கோழைத்தனம், நரம்புத் தளர்ச்சி, குடி என்று ஆளுக்கொரு பெயர். பெயர் இல்லாத நோய்க்கு யாரும் பில் போட முடியாது.

#11 — நேர்கோடு

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் தாயாருக்கு வணக்கம்.

இருந்தாலும் என் கட்சியை விடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வது போரின் விலையா, திரும்பி வந்தவரை நடத்திய விதத்தின் விலையா? 1944-ல் அமெரிக்கா முன்னாள் வீரர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. ஏறக்குறைய 78 லட்சம் பேர் அதில் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். விவசாயி மகன் இன்ஜினீயர் ஆனான். ஒழுங்காகச் செய்தால் பற்று வரவாக மாறும்.

#12 — சுண்ணாம்புக்கட்டி

அந்தச் சட்டம் நல்ல சட்டம். கறுப்பின வீரர்களில் பலருக்கு வீட்டுக் கடன் தர வங்கிகள் மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெற்கில் பல கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. ஒரே போர், ஒரே சீருடை, இரண்டு வேறு கணக்கு.

#13 — நதிமூலம்

எல்லாரும் பணத்திலும் மனதிலும் நிற்கிறீர்கள். சாமான் கணக்கு ஒன்று இருக்கிறது. நான் பேரிடர் மீட்பு வேலையில் இருப்பவன்.

2007 மே 4 ராத்திரி, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரைச் சூறாவளி துடைத்தெடுத்துவிட்டது. கட்டடங்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போயிற்று. இடிபாட்டை அகற்றத் தேசியக் காவல் படை வர வேண்டும். போலீஸ் இல்லை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கும் பகுதி நேர ராணுவம். அந்த மாநிலத்தின் லாரிகளும் கனரக வண்டிகளும் ஈராக்கில் கிடக்கின்றன, அதனால் வேலை மெதுவாக நடக்கிறது என்று ஆளுநர் காத்லீன் செபிலியஸ் வெளிப்படையாகச் சொன்னார். வெள்ளை மாளிகை மறுத்தது. இரண்டு நாள் அறிக்கைச் சண்டை.

அதற்கு முன்பு 2005-ல் கத்ரீனா புயல் லூசியானாவில் அடித்தபோது அந்த மாநிலத்தின் காவல் படையினர் சுமார் 3,000 பேர் ஈராக்கில். தன் ஊர் முங்குவதை அவர்கள் அங்கே டிவியில் பார்த்தார்கள்.

ஒரு பொக்லைனும் ஓட்டத் தெரிந்த ஆளும் முதல் ஆறு மணி நேரத்தில் வந்தால் ஒரு கதை, பதினெட்டாவது மணி நேரத்தில் வந்தால் வேறு கதை. அந்தத் தாமதத்துக்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. விபத்துச் செய்தியில் இறந்தோர் எண்ணிக்கையாகத்தான் வரும்.

போன சாமான் திரும்பி வரும் கதை இன்னொன்று. உபரி ராணுவப் பொருளை உள்ளூர்ப் போலீசுக்குக் கொடுக்கும் திட்டம் அங்கே 1990-களிலிருந்து இருக்கிறது. கண்ணிவெடிக்குத் தாங்கும் பதினைந்து டன் வண்டி சின்ன ஊர்க் காவல் நிலையத்து வாசலில் நின்றது. 2014-ல் மிசோரி மாநிலத்து ஃபெர்குசனில், ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, தெருவில் நிற்பது போலீசா ராணுவமா என்று உலகமே கேட்டது.

#14 — மட்டுறுத்துநர்

இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு போரைப் பற்றிய இரண்டு பதிவுகளும் அவற்றுக்கு வந்த வசவுகளும் நீக்கப்பட்டன. கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இது நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

#15 — நெல்முனை

அமெரிக்கா, பிரிட்டன் என்றே போகிறதே. தன் போரே இல்லாத போருக்கு இந்தியா கொடுத்த விலையை யாரும் எடுக்கவில்லையா?

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அடுத்ததுதான் இல்லை.

வெளிநாட்டில் சண்டையிடும் இந்தியப் படைக்கும், இங்கே வாங்கும் தளவாடத்துக்கும் பெரும்பகுதிச் செலவை பிரிட்டன் ஏற்கும் என்று ஒப்பந்தம். கேட்கத் தாராளமாக இருக்கிறது. கொடுத்த முறையைப் பாருங்கள். லண்டனில் இந்தியாவின் பேரில் பவுண்டு வரவு எழுதுவார்கள். அதை எடுத்துச் செலவழிக்க முடியாது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் அச்சடிக்கும். அந்த ரூபாயைக் கொண்டு ராணுவம் துணி, அரிசி, மரம், இரும்பு எல்லாம் வாங்கும். போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் ஆனது. லண்டன் கணக்கில் சேர்ந்தது சுமார் 130 கோடி பவுண்டு. கையில் பவுண்டு ரசீது, கடையில் அரிசி இல்லை.

1942-ல் பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று வங்கக் கடலோரத்தில் பல்லாயிரம் படகுகளை அப்புறப்படுத்தினார்கள், உடைத்தார்கள். மீன் பிடிக்கவும் அதே படகு, நெல் ஏற்றவும் அதே படகு. அந்த வருஷமே புயலும் வந்தது. கல்கத்தாவில் போர்த் தொழிற்சாலை ஆட்களுக்கு முன்னுரிமை கொடுத்து அரிசி போனது. கிராமத்துக்கு விலை மட்டும் போனது. 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் இருபதிலிருந்து முப்பது லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இவர்களில் ஒருவர் பேர்கூடப் போரில் இறந்தவர் பட்டியலில் கிடையாது. நேர்கோடு கேட்ட ‘எதோடு ஒப்பிடுகிறீர்கள்’ என்பதற்கு இது என் பதில்: உலகப் போரில் இறந்த இந்தியப் போர்வீரர்கள் சுமார் 87,000. யானை புகுந்த வயல்தான், ஆனால் யானை தின்றதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

#16 — நேர்கோடு

நெல்முனை, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அச்சடித்த நோட்டு வழியாக வரும் வரிதான் ஏழையை முதலில் தாக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும்: அது அடிமை நாட்டின் கதை. ஓட்டுப் போடும் மக்கள் இருந்தால் இந்த அளவுக்குப் போகாது.

#17 — அலைவரிசை

போகாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டு இல்லாத நாட்டில் செலவு வேறு வழியாக வெளியே வரும் என்பதற்கு போர்ச்சுகல் இருக்கிறது.

1961 முதல் அங்கோலா, கினி, மொசாம்பிக் என்று மூன்று இடத்தில் காலனிப் போர். ஐரோப்பாவிலேயே ஏழை நாடுகளில் ஒன்று, அரசுச் செலவில் நாற்பது சதவீதம் வரை ராணுவத்துக்குப் போட்டது. பையன்களுக்குக் கட்டாயச் சேவை, அதில் இரண்டு வருஷம் ஆப்பிரிக்கா. என்ன செய்தார்கள்? ஓடினார்கள். ராத்திரியில் எல்லைமலை தாண்டி ஸ்பெயின், அங்கிருந்து பிரான்ஸ். பிழைப்புக்காகவும் போருக்குப் பயந்தும் அந்தக் காலத்தில் நாட்டை விட்டுப் போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். கிராமங்களில் கிழவிகள் மட்டும் மிச்சம். பாரிஸ் புறநகர்க் கட்டடங்களைக் கட்டிய கொத்தனார்களில் பெரும் பங்கு இந்தப் பையன்கள்தான். போரில் சாகாமலே ஒரு நாடு தன் வாலிபர்களை இழந்தது.

முடிவு வந்த விதம் வேடிக்கை. போதுமான அதிகாரிகள் இல்லை என்று 1973-ல் அரசு ஒரு ஆணை போட்டது: கட்டாயச் சேவைக்கு வந்தவர்கள் குறுகிய பயிற்சியில் நிரந்தர அதிகாரி ஆகலாம், பழைய சேவையும் சீனியாரிட்டியில் சேரும். வருஷக்கணக்கில் ஆப்பிரிக்காவில் காய்ந்த கேப்டன்களுக்கு வயிறு எரிந்தது. பதவி உயர்வுக் குறை பேசக் கூடியவர்கள், பேச்சுவாக்கில் போரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஆட்சியைப் பற்றி. 1974 ஏப்ரல் 25 அன்று ஆட்சியைக் கவிழ்த்தே விட்டார்கள், துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகி. நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட சர்வாதிகாரம் ஒரே நாளில் காலி.

சோவியத்தும் இதே பாதைதான், கொஞ்சம் சத்தமில்லாமல். 1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தான். சுமார் 15,000 பேர் துத்தநாகப் பெட்டியில் திரும்பினார்கள். ஆரம்ப வருஷங்களில் கல்லறையில் ஆப்கானிஸ்தான் என்று பொறிக்க விடவில்லை. ‘சர்வதேசக் கடமையில்’ என்று போடலாம். பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு நாட்டில் எத்தனை அம்மாக்கள் இப்படி மூடிய பெட்டியின் முன் உட்கார்ந்தால் அரசு சொல்வதை யாரும் நம்பாமல் போவார்கள்? அதற்கு அளவுகோல் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை போனது நிஜம்.

#18 — பழைய பேரேடு

அமெரிக்காவிலும் 1991 முதல் 2009 வரை, டோவர் விமான தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கப் பத்திரிகைகளுக்குத் தடை இருந்தது, அலைவரிசை. ஓட்டுப் போடும் நாடுதான். குடும்பத்தின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். ஓரளவு நியாயமும் உண்டு. பிறகு குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று மாற்றினார்கள். அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாமே?

நான் தொடங்கும்போது இதை ஒரு கணக்கியல் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். சரியான தலைப்பு போட்டால் சரியாகிவிடும் என்று. இப்போது அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்திருக்கிறது. சுவர் ஏறிக் குதிக்கும் ஒருவருக்கு நான் என்ன தலைப்பு போடுவது?

இருந்தாலும் தொழில் புத்தி விடாது. போருக்கு ஓட்டெடுப்பு நடக்கும் அன்றே ஐம்பது வருஷ மருத்துவச் செலவுக்கு ஒரு நிதியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஒரு சிப்பாய் கப்பல் ஏற வேண்டும் என்று சட்டம் போடலாம். காப்பீட்டுக் கம்பெனிகள் செய்வதுதான். நேர்கோடு, இதிலாவது என்னோடு வருவீர்களா?

#19 — நேர்கோடு

வருகிறேன். அப்படி ஒரு சட்டம் இருந்தால் நான் ஆதரிக்கும் போர்களில் பாதியையாவது எதிர்த்திருப்பேன் என்றும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கு அடுத்த இழையில் வாருங்கள், பார்த்துக்கொள்வோம்.

#20 — கேள்விக்குறி

மழைக்காகிதம் அக்கா, கேக்கலாமான்னு தெரியல. அந்த பென்ஷன் ஃபைல் கடைசில என்னாச்சு?

#21 — மழைக்காகிதம்

கேட்கலாம் தம்பி. வழக்குப் போட்டோம். நாலு வருஷம் இழுத்து 2011-ல் எங்கள் பக்கம் முடிந்தது. அரியர்ஸ் மொத்தமாக வந்தது. அம்மா பாஸ்புக்கை என்னிடம் நீட்டி, எழுத்து சின்னதாக இருக்கிறது, நீயே படி என்றாள். அப்பா அன்றைக்கே கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். அந்தப் பணத்தில் அவர் முதலில் செய்தது, வாசல்படியிலிருந்து தெரு வரைக்கும் சிமெண்ட் போட்டது.